நாற்பத்திரண்டில் ஒரு பங்கு

1

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. மழை சாய்ந்து அடிக்கும்போல இருக்கிறது, நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டையும் ஒரு டேப்லெட்டையும் வைத்து உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். ஆடு கதைக்குள் நடந்து வராது, அதைப் பற்றிய பேச்சுதான் வரும். டேப்லெட் வரும், ஆனால் முக்கியமான நேரத்தில் கவிழ்ந்து கிடக்கும். கொஞ்சம் கணக்கும் உண்டு. எழுந்து போகாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கணக்குதான், நமக்கும் வரும்.

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வடையிலிருந்து கிடைத்தது. ஜொகூர் பாரு பக்கத்து மாசாயில் நான் வழக்கமாக வடை வாங்கும் கடையில், ஒரு நாள் வடை சுற்றி வந்த தாளில் எண்ணெய் படாத மூலையில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது:

"கணித வகுப்பறையில் பங்கு மூலதனம்: ஒவ்வொரு மாணவருக்கும் உறுதி செய்தல்."

வடை ஆறிப்போனது. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்குப் பங்கு மூலதனம்? கடைக்கார அம்மாவின் மகன் வசந்தன் கணக்கு ஆசிரியர். அவனைக் கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் கொட்டியது. "அது பெரிய கதை லா. என் கதை இல்ல. சுபத்திரா டீச்சர் கதை," என்றான்.

இப்படி அடுத்தவர் கதை என் கைக்கு வந்தது. வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"சுபத்திரா அன்று காலை செம்பனைத் தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது வானம்—"

(வானம் என்ன செய்தால் எனக்கென்ன. அடித்துவிட்டேன்.)

"கணிதக் கல்வி என்பது ஒரு சமுதாயத்தின்—"

(இப்படித் தொடங்கிய எதையும் நீங்கள் முடிவு வரை படித்ததில்லை. நானும்தான்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது ஜொகூர் பாருவில் ஒரு விடுதியின் கூட்ட அறையில் தொடங்குகிறது. குளிர்சாதனம் எலும்பைத் தொடும் குளிரில் இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நாற்பது கணக்கு ஆசிரியர்கள். அவர்களில் கடைசி வரிசையில் சுபத்திரா, வயது இருபத்தொன்பது, துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோத்தா திங்கியைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்குள் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு தமிழ்ப்பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை. பள்ளியில் மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள். அவள் வருவதற்கு முன் எட்டு மாதம் அங்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் உடற்கல்வி ஆசிரியர். நல்ல மனிதர். பின்னம் வரும்போது பிள்ளைகளைத் திடலுக்கு ஓட விட்டுவிடுவார்.

ஐந்து வாரப் பயிற்சி. முடித்துச் சான்றிதழ் வாங்கினால் சுபத்திராவுக்கு அதே பள்ளியில் நிரந்தர வேலை. வாங்காவிட்டால் வருடக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்தது. பிள்ளைகள் மறுபடியும் திடலுக்குப் போவார்கள். கதை முழுவதும் இதை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயிற்றுநர் கமலநாதன் பயிற்றியை, அதாவது பயிற்சிக் கையேட்டை, விநியோகித்தார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். புரட்டிய கைகள் ஒவ்வொன்றாக ஒரே பக்கத்தில் நின்றன. வசந்தன்தான் கையைத் தூக்கினான்.

"சார், இந்தப் பங்கு மூலதனம்… நம்ம பிள்ளைங்களுக்கு டிவிடென்ட் எப்ப வரும்?"

அறை குலுங்கியது. கமலநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மலாய்ல என்ன இருக்கோ அதைத்தான் போட்டிருக்கு. எக்குயிட்டி."

"எக்குயிட்டின்னா ஷேர் மார்க்கெட்ல வர்றது சார். இங்க அது இல்ல. நியாயம் மாதிரி. யாருக்கு எது வேணுமோ அதைக் குடுக்கறது."

"வசந்தன், அச்சாயிடுச்சு. இருநூறு பிரதி. இனி இது கலைச்சொல்."

இப்படித்தான் கண்ணுகளா, ஒரு சொல் பிறக்கிறது. நாமெல்லாம் இலக்கணத்தில் பிறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

3

பயிற்சியின் கடைசி வேலை ஒரு காணொளி. ஆசிரியர் தம் வகுப்பில் டேப்லெட்டை வைத்துப் பன்னிரண்டு நிமிடம் பாடம் நடத்தி, பதிவு செய்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒருவருக்கு ஒரே காணொளி, ஒரே முறை. மதிப்பீட்டுப் பாரத்தில் இரண்டு நிபந்தனைகள். பலகையில் 'பங்கு மூலதனம்' என்ற தலைப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். டேப்லெட்டில் உள்ள செயலி 'சரி' என்று சொன்ன விடையோடு பாடம் முடிய வேண்டும்.

எல்லாருக்கும் சமவாய்ப்பு தரும் திட்டம் என்பதால், லைன்* இல்லாத பள்ளிக்கும் அதே வெள்ளிக்கிழமை, அதே ஐந்து மணி.

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தத் தோட்டத்தில் முன்பு லைன் என்றால் வரிசை வீடு. இப்போது லைன் என்றால் கைப்பேசிக்கு வரும் சிக்னல். லைன் வீட்டில் லைன் வராது. இதை ஒரு சிறுகதையாக எழுதலாம் என்று தோன்றுகிறது, இன்றைக்கு வேண்டாம்.)

புதன்கிழமை. ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், டேப்லெட் ஒன்று. செயலியின் படத்தில் ஆறு வீடுகளும் ஒரு வட்டப் பீட்சாவும் இருந்தன. பீட்சாவை ஆறு வீட்டுக்கும் பகிர வேண்டும். சுபத்திரா தன் கைப்பேசியைச் சுண்ணக்கட்டிப் பெட்டிமேல் சாய்த்து வைத்துப் பதிவை முடுக்கிவிட்டு, பலகையில் எழுதத் தொடங்கினாள். 'பங்கு' என்று எழுதியதும் சுண்ணக்கட்டி உடைந்தது. குனிந்து எடுப்பதற்குள் ஒரு குரல்.

"டீச்சர், தீபாவளி ஆட்டுப் பங்கா?"

கேட்டது லோஷினி. மூன்று மாதமாகப் பலகை இருக்கும் பக்கம்கூடப் பார்க்காத பிள்ளை. மொத்த வகுப்பும் நிமிர்ந்தது.

அந்தத் தோட்டத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் ஆறு வீடு சேர்ந்து ஒரு ஆடு வெட்டுவார்கள். வாழை இலையில் கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, ஒரு துண்டு ஈரல். அதற்குப் பெயர் பங்கு. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முன்பே கண்ணால் படித்த ஒரே பின்னம் அதுதான்.

சுபத்திரா 'மூலதன'த்தை மறந்தாள்.

"சரி, ஆட்டுப் பங்குதான். இந்தப் பீட்சாதான் ஆடுன்னு வச்சுக்கோங்க. ஆறு வீடு. எத்தனை பங்கு போடணும்?"

"ஏழு!" என்றாள் தேன்மொழி, வகுப்புத் தலைவி.

"வீடு ஆறுதானேம்மா?"

"வீடு ஆறுதான் டீச்சர். ஆனா லோஷினி அம்மா இப்பதானே பிள்ளை பெத்திருக்காங்க. பச்ச உடம்பு. அவங்க வீட்டுக்கு ரெண்டு போகும்."

"எப்பவும் அப்படித்தான் டீச்சர்," என்றது பின்வரிசை, இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில்.

தேன்மொழி செயலியில் ஏழைத் தட்டினாள். திரை சிவந்தது. டேப்லெட் மிக உற்சாகமான பெண் குரலில் மலாயில் சொன்னது: "சாலா! சுபா லாகி!"

தவறு, மறுபடி முயன்று பார் என்று பொருள். ஆனால் நம் காதில் அது எப்படி விழும்?

"டீச்சர், உங்க பேரச் சொல்லிக் கூப்புடுது!"

வகுப்பு உருண்டது. மறுபடி ஏழைத் தட்டினார்கள். மறுபடி 'சுபா லாகி'. ஐந்து முறை கூப்பிட்டது. சுபத்திராவை அவள் அம்மாகூட ஒரு நாளில் இத்தனை முறை கூப்பிட்டதில்லை.

"டீச்சர்," என்று எழுந்தான் அர்ச்சுனன். நியாயம் கேட்கும் பையன். "அவங்களுக்கு ரெண்டு போனா, எங்க வீட்டுக்குக் குறையுமே?"

"குறையும். எவ்வளவு குறையும்?"

அவன் யோசித்தான். சுபத்திரா டேப்லெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். உடைந்த சுண்ணக்கட்டியில் பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள்.

"ஆறுல ஒரு பங்கு வர வேண்டியது, ஏழுல ஒரு பங்குதான் வருது. வந்து கழிச்சுப் பாரு."

அவன் பலகையில் போட்டான். நாக்கு வெளியே வந்திருந்தது. "ஆறேழு நாப்பத்திரண்டு… ஏழுல ஆறு போனா ஒண்ணு…" திரும்பினான். "நாப்பத்திரண்டுல ஒண்ணு டீச்சர். அவ்வளவுதான்."

"நாப்பத்திரண்டுல ஒண்ணுக்கா பச்சப் பிள்ளக்காரிகிட்ட சண்டைக்கு நிக்கிற?" என்றாள் தேன்மொழி.

"யாரு சண்டை போட்டா? கேட்டேன் லா! அடுத்த வருசம் எங்க அக்கா பிள்ளை பெத்தா எங்களுக்கும் ரெண்டு. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி, சரி," என்று எட்டுக் குரல்கள்.

அப்போது லோஷினி பலகைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஏழில் இரண்டிலிருந்து ஆறில் ஒன்றைக் கழித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டு.

"எங்களுக்கு நாப்பத்திரண்டுல அஞ்சு கூட வருது. அஞ்சு வீடும் ஒண்ணொண்ணு குடுத்தது. சரியா வருது டீச்சர்."

பதிவு பன்னிரண்டாம் நிமிடத்தில் நின்றது. டேப்லெட் இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. பலகையில் 'பங்கு' என்ற சொல் மட்டும், பாதித் தலைப்பாக.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் கமலநாதனைக் கெட்டவராக எழுதியிருந்தேன். பேனாவால் மேசையைத் தட்டுவார், யார் பேசினாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். எழுதும்போது இன்பமாகத்தான் இருந்தது. ஆனால் வசந்தன் ஒன்று சொன்னான். தமிழ்ப்பள்ளிகளுக்கு மலாய்ப் பயிற்றி மட்டும்தான் தருவதாக இருந்ததாம். கமலநாதன்தான் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தமிழாக்கித் தட்டச்சு செய்தாராம். அத்தனை பக்கத்தில் ஒரு சொல் தவறு. நான் எழுதும் கதையில் பக்கத்துக்கு எத்தனை என்று நீங்கள் எண்ணாமல் இருக்கிறீர்கள், அதற்கு நன்றி.

ஆகவே பேனாத் தட்டலை எடுத்துவிட்டேன். கடிகாரம் இருக்கட்டும்.

புதன்கிழமை மாலை சுபத்திரா தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி அவருக்குப் போன் செய்தாள். அங்கேதான் லைன் வரும்.

"சார், பிள்ளைங்க சொன்னது சரி. ஆனா டேப் தப்புங்குது. என்ன செய்யறது?"

"டேப் சரின்னு சொல்லணும் டீச்சர். பாரத்துல அப்படித்தான் இருக்கு."

"நீங்க வீடியோவப் பாத்தீங்கன்னா புரியும் சார்."

"நான் பாக்க மாட்டேன். கம்ப்யூட்டர்தான் பாக்கும். கடைசி நிமிசத்துல பச்சை வந்திருக்கான்னு. பத்துல ஒரு வீடியோதான் என்கிட்ட வரும், அதுவும் குலுக்கல்ல."

"அப்ப பங்கு மூலதனம்?"

"அதுக்கு ஒரு பெட்டியில டிக் போட்டா போதும்." மறுமுனையில் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது. "அது தப்பான சொல்லுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். முதல் நாளே தெரிஞ்சிடுச்சு. சரியான சொல்லு எதுன்னுதான் இன்னும் தெரியல."

"நாளைக்கு இன்னொரு வீடியோ எடுத்துடறேன் சார்."

"எடுங்க. சேஃபா எடுங்க."

5

வியாழக்கிழமைப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்ல முடிகிற பாடம்தான் அது.

பலகையில் முழுத் தலைப்பு. ஆறு வீடு, ஒரு பீட்சா, ஆறு பங்கு. தேன்மொழி ஆறைத் தட்டினாள். திரை பச்சையானது. "பெத்துல்!" என்றது டேப்லெட். சரி என்று பொருள். அதற்குள்ளிருந்தே நூறு பேர் கைதட்டும் ஓசையும் வந்தது. வகுப்பில் இருந்த ஒன்பது பேரும் தட்டவில்லை.

"டீச்சர், அப்ப லோஷினி வீட்டுக்கு?" என்றான் அர்ச்சுனன். முந்தின நாள் குறையுமே என்று கேட்டவன்.

"இது பீட்சாடா. ஆடு இல்ல."

சொன்னபிறகு சுபத்திரா லோஷினியைப் பார்த்தாள். லோஷினி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

[இந்த இடத்தில் ஆசிரியையின் மனத்தில் எழுந்த உணர்ச்சிகளை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தச் சன்னல் ஒன்றே போதும் என்று கிழித்துவிட்டேன்.]

6

வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பது. தண்ணீர்த் தொட்டி மேடு. கைப்பேசியில் இரண்டு கோப்புகள்: 'பங்கு ஒன்று', 'பங்கு இரண்டு'. முதலாவதில் ஒரு பிள்ளை யாரும் கூப்பிடாமல் பலகைக்கு வருகிறது. டேப்லெட் ஐந்து முறை தவறு என்கிறது. இரண்டாவதில் எல்லாம் பச்சை.

சுபத்திரா கணக்கு ஆசிரியை. கணக்குத்தான் போட்டாள். முதலாவதை அனுப்பினால் அது கமலநாதன் கண்ணில் படப் பத்தில் ஒரு வாய்ப்பு. பட்டாலும் அவர் என்ன செய்வார் என்பதற்குப் பின்னம் கிடையாது. இரண்டாவதை அனுப்பினால் வேலை கையில். வேலை இருந்தால் அடுத்த வருடமும் வகுப்பு இருக்கும், ஆட்டுப் பங்கை எத்தனை முறை வேண்டுமானாலும் நடத்தலாம், யாரும் பதிவு செய்யப் போவதில்லை. ஆனால் வியாழக்கிழமைப் பாடத்துக்குச் சான்றிதழ் வாங்கியவள் புதன்கிழமைப் பாடத்தை நடத்துவாளா? அவளுக்கே தெரியவில்லை.

கீழே ஒரு லாரி செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு முனகியபடி போனது. முதல் துளி திரையில் விழுந்தது. விரலால் துடைத்துவிட்டு ஒரு கோப்பைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. லைன் அறுந்தது. திரையில் இரண்டு சொற்கள் வந்தன.

சுபா லாகி.

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். மேட்டில் தனியாக, மழையில். "வர்றேன் லா, வர்றேன்," என்றாள் அதனிடம். மணி நாலு ஐம்பத்திரண்டு. மறுபடி தொட்டாள்.

7

எதைத் தொட்டாள்?

முடிவு அ: முதலாவதை. கம்ப்யூட்டர் பச்சையைத் தேடியது, காணவில்லை. சனவரியில் உடற்கல்வி ஆசிரியர் விசிலோடு வகுப்புக்குள் வருகிறார். லோஷினி நன்றாக ஓடுகிறாள்.

முடிவு ஆ: இரண்டாவதை. சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பள்ளி அலுவலகத்தில் மாட்டுகிறார்கள். அதன்கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். லோஷினி வரிசையின் ஓரத்தில் நின்று வேறு எங்கோ பார்க்கிறாள்.

முடிவு இ: முதலாவதை, அது குலுக்கலில் கமலநாதனிடம் போய், அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று—

(இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப மாட்டேன்.)

உண்மை என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கும். போன மாதம் மாசாய்க் கடையில் சுபத்திராவையே பார்த்தேன். "அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். "சொல்லாதம்மா. சொல்லிட்டா கதை உன்னுதாயிடும்," என்றேன். அவள் சிரித்துவிட்டு வடையைப் பிட்டாள். அவளுடைய மோட்டார் சைக்கிள் வெளியே நின்றது. சக்கரத்தில் செம்மண். அந்தப் பக்கம் இன்னும் போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. வேலைக்கா, பிள்ளைகளைப் பார்க்கவா என்று சக்கரம் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. வசந்தன் பயிற்றியின் இரண்டாம் பதிப்பைக் காட்டினான். அதே பக்கம், அதே கொட்டை எழுத்து. ஆனால் தலைப்பில் 'மூலதனம்' இல்லை. "கணித வகுப்பறையில் பங்கு" என்று மட்டும் இருக்கிறது. நாற்பது பேர் சிரித்ததால் எடுத்தாரா, சரியான சொல்லை எங்காவது பார்த்ததால் எடுத்தாரா? கமலநாதனைக் கேட்டால் அச்சாயிடுச்சு என்பார்.

ஆகவே கண்ணுகளா, இந்த முடிவை இலையில் கொட்டிவிட்டேன். நாம் ஆறு வீட்டுக்காரர் என்றால் ஏழாகக் கூறு வைப்போம். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மேட்டில், அந்த மழையில், உங்கள் விரல் எதைத் தொட்டிருக்குமோ அதுவே உங்கள் முடிவு. உங்களில் யார் வீட்டிலாவது கணக்கு ஆசிரியர் இருந்தால், அல்லது பலகையைப் பார்க்காத ஒரு பிள்ளை இருந்தால், ஏழாவது பங்கும் ஈரலும் அந்த வீட்டுக்கு. எனக்குக் குறைவது நாற்பத்திரண்டில் ஒன்றுதான், பரவாயில்லை.

உங்கள் வீட்டு உலை ஓயாமல் கொதிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குக் காது கொடுக்க ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். தவறு என்று எந்தத் திரை சிவந்தாலும், மறுபடி வா என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் உங்கள் வாசலில் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். மழை விட்டுவிட்டது, பார்த்துப் போய் வாருங்கள்.